ஜீப்புக்குக் காற்று வாங்க அம்பத்தூர் போனோம்

மெட்ராஸுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் கடற்கரை மணலில் உட்கார்ந்து காற்று வாங்குவார்கள். நானும் பெருமாளும் போனது ஜீப்புக்குக் காற்று வாங்க. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. பூந்தமல்லியிலேயே அம்பத்தூர் பக்கம் திரும்பிவிட்டோம்.

எண்பதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். டாக்டர் எப்போதாவது கீழிருந்து வருவார். மற்ற நாட்களில் நானும் ஒரு ஆயாவும்தான். எங்கள் கைக்கு மிஞ்சியது என்றால் போளூருக்குக் கொண்டு போக வேண்டும். அதற்கென்று பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்று இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதை ஓட்டியவர் பெருமாள், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தப் பாதையில் வேறு யார் ஓட்டினாலும் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த வருடம் பாதையில் ஜல்லி கொட்டினார்கள். கொட்டியதோடு சரி, ரோலர் வரவில்லை. உடைத்த கருங்கல் கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. அந்தச் சமயத்தில்தான் பெருமாளின் தங்கை மல்லிகாவுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதி மலையில் ஒரு டயர் போயிற்று. ஸ்டெப்னியை மாட்டினோம். கொஞ்ச தூரத்திலேயே இன்னொன்று. பெருமாள் ட்யூபை வெளியே எடுத்து ஒட்டுப் போட்டார். அது அவருக்கு நன்றாகத் தெரியும், சாமானும் கையில் இருந்தது. ஆனால் காற்றடிக்கும்போது கைப்பம்பு பிய்ந்துகொண்டது. துணியைச் சுற்றினார், கயிற்றைக் கட்டினார், வாயை வைத்துக்கூட ஊதிப் பார்த்தார். மலையில் அன்றைக்கு மரங்களையெல்லாம் வளைக்கிற காற்று.

"இவ்ளோ காத்து வீசுது சிஸ்டரம்மா," என்றார். "ட்யூபுக்குள்ள போவ மாட்டேங்குது."

பிறகு ஆட்களைக் கூப்பிட்டுத் தூளி கட்டித் தூக்கினோம். அடிவாரம் தெரிகிற இடத்தில் மல்லிகா போய்விட்டாள். குழந்தை வெளியே வரவேயில்லை.

ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் வந்து விசாரித்தார்கள். இனிமேல் இப்படி ஆகாமல் இருக்க என்ன வேண்டும் என்று பெருமாளிடம் கேட்டார்கள். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "காத்து."

வேலூரில் விசாரித்தபோது, லாரியில் இருக்கிற மாதிரி ஜீப்பில் காற்றடைக்கிற கம்ப்ரசர் மாட்ட இடம் கிடையாது என்று கையை விரித்தார்கள். ஆவடியில் கனரக வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் அத்தான்தான் வழி சொன்னார். அம்பத்தூர் மேனாம்பேட்டில் ஏழுமலை என்று ஒரு மெக்கானிக், ஏலத்து ஜீப்புகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டுகிறவர், அவர் மாட்டித் தருவார் என்று. அப்படித்தான் புறப்பட்டோம்.

பூந்தமல்லி வரைக்கும் வந்துவிட்டோம் என்று நினைத்தபோது வண்டி கொதித்துவிட்டது. முன்னால் லாரிகள், பின்னால் லாரிகள், நடுவில் மூங்கில் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் ஊற்றத் தண்ணீர் வேண்டும். டீக்கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குடிக்கவே இல்லன்றேன், நீ வண்டிக்கு கேக்கிறியே," என்றார். எங்கள் மலையில் தண்ணீர் கேட்டு இல்லை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஓடையைக் காட்டிவிட்டுப் போவார்கள். இங்கே சாலை நெடுக வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள் யாருக்கோ காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அரிசி களுவின தண்ணி கீது. பரவால்லியா?" என்றாள். பரவாயில்லை என்றேன். கழுநீரைக் குடித்துவிட்டு ஜீப் அம்பத்தூர் போய்ச் சேர்ந்தது. வழி முழுக்கப் பெருமாள் ஒரு வார்த்தை பேசவில்லை. மல்லிகா போனதிலிருந்து அவர் அப்படித்தான். கேட்டால் பதில் சொல்வார். அவ்வளவுதான்.

ஏழுமலையின் ஷெட் ஒரு கிணற்றுமேட்டை ஒட்டித் தகரம் வேய்ந்து நின்றது. ஆள் குள்ளம், நரைத்த மீசை, ஓயாத பேச்சு. ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"வண்டி கெட்டியா கீது," என்றார். பிறகு பெருமாள் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, மலை மேல பஞ்சர் கட போடப் போறியா?"

பெருமாள் குனிந்து டயரைப் பார்த்தார். ஏழுமலை என்னைப் பார்த்தார். அந்த இடத்தில், பெருமாளை வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்ல முடியும்? ஆஸ்பத்திரி வண்டி என்று மட்டும் சொன்னேன்.

நான் ஆவடியில் அக்கா வீட்டில் தங்கினேன். பெருமாள் அங்கே வர மறுத்து, ஷெட்டிலேயே ஜீப்புக்குள் படுத்துக்கொண்டார். குவார்ட்டர்ஸ் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. முதல் நாள் நான் தவறிப்போய் வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். அக்கா திருநெல்வேலியிலிருந்து வந்து வருடங்கள் ஆகியும் பேச்சை விடவில்லை. "ஏட்டி, மெலிஞ்சி ஈர்க்குச்சி மாதி ஆயிட்டியே. அந்தக் காட்டுல என்னத்தத் திங்க?" என்று கேட்டுக்கொண்டே புளிக்குழம்பை ஊற்றினாள். சாமைச்சோறும் கீரையும் என்றேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

காலையில் ரயிலில் அம்பத்தூர் போனேன். பெண்கள் பெட்டியிலும் நிற்க இடமில்லை. ஏறும்போது யாரோ மிதித்து என் ஒரு செருப்பு தண்டவாளத்துக்குப் போய்விட்டது. மற்றதை வைத்து என்ன செய்வது என்று அதையும் ஜன்னல் வழியாகப் போட்டேன். எதிரில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தூரில் படித்தவள் என்பதால் எனக்குப் புரிந்தது.

"உன் வீட்டுக்காரர் இப்போ எப்படி இருக்கிறார்?" என்றாள் ஒருத்தி.

"கேட்டில் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். மெஷினுக்குத்தான் அஞ்சு விரல் வேண்டும், கேட்டைத் திறக்க மூணு போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்."

"நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான்," என்றாள் மற்றவள். அதில் கிண்டல் எதுவும் இல்லை.

நான் வெறுங்காலோடு ஷெட்டுக்குப் போனபோது கம்ப்ரசர் வந்திருந்தது. லாரியில் பிரேக்குக்குக் காற்றுப் பிடிக்கிற சாமான். ஒரு பெரிய தேங்காய் அளவு இரும்பு உருண்டை, பக்கத்தில் விலா எலும்பு மாதிரி வரிகள். ஏழுமலை அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டி வைத்திருந்தார். இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கியில் இதை உட்காரவைத்து, பெல்ட் போட்டு இஞ்சினே சுற்றும்படி செய்ய வேண்டும். அடைத்த காற்று வண்டிக்கு அடியில் ஒரு உருளை டேங்கில் போய் நிற்கும். வேண்டும்போது அதில் ரப்பர் குழாயைச் சொருகி டயருக்கு விட்டுக்கொள்ளலாம். ஏழுமலை இதையெல்லாம் எனக்குச் சொன்னார். பெருமாள் தலையைக் குனிந்து பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே நின்றார்.

மத்தியானம் ஏழுமலை வடகறியும் இட்லியும் வாங்கிவரச் செய்தார். மெட்ராஸில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அந்த வடகறி. பெருமாள் பொட்டலத்தைப் பிரித்து ஒரு இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கை கழுவிவிட்டு வந்தபோது பொட்டலம் நாய் முன்னால் இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, நம்ம ஊரு சோறு ஒத்துக்கலியா?" என்றார் ஏழுமலை.

"பசிக்கல," என்றார் பெருமாள்.

மறுநாள் உச்சி வெயிலில் முதல் தடவை இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஏழுமலை உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். பெருமாள் முன்னால் நின்று பெல்ட்டைப் பார்த்தார். டேஷ்போர்டில் பொருத்திய வட்டமான மீட்டரில் முள் ஆடியது, ஏறியது. ஏழுமலை ஒரு பாட்டை முணுமுணுத்தார். திடீரென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தாங்கி நடுவில் கிழிந்துவிட்டது. கம்ப்ரசர் சாய்ந்து, பெல்ட் தெறித்து ரேடியேட்டர் குழாயை அறுத்தது. கொதித்த தண்ணீர் பெருமாளின் முன்கை முழுவதும் பாய்ந்தது.

அவர் கையை இழுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஓடிப்போய் அவரைப் பின்னால் இழுத்தேன். ஏழுமலை வீட்டில் குடிப்பதற்கென்று வைத்திருந்த தவலைத் தண்ணீரை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்கள். கையை அதில் முக்கிவைத்தேன். தோல் வெளுத்து மடங்கிக்கொண்டிருந்தது. பெருமாளின் முகத்தில் ஒன்றுமில்லை.

"இன்னா நைனா, கை மரக்கட்டையா?" என்றார் ஏழுமலை. பதற்றத்தில் சொன்னதுதான். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை.

கட்டுப்போட்டுப் பெருமாளை நிழலில் படுக்கவைத்துவிட்டு, ஏழுமலையைத் தெருமுனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். மல்லிகாவைப் பற்றிச் சொன்னேன். ஜல்லி, பம்பு, தூளி எல்லாம் சொன்னேன். வாயை வைத்து ஊதினார் என்று சொன்னபோது ஏழுமலை, "போதும் சிஸ்டர்," என்றார். எதிரே ஏதோ ஒரு கம்பெனியில் சங்கு ஊதியது. ஷிப்டு விட்டு சைக்கிள்கள் வரிசையாக வந்தன. அவை எல்லாம் கடந்து போகும்வரை அவர் அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் பெருமாளை நைனா என்று கூப்பிடவில்லை. கேலியும் பேசவில்லை. பழைய தாங்கியைத் தூக்கி ஓரத்தில் போட்டார். கள்ளிக்குப்பத்தில் தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குத் தானே சைக்கிளில் போய், இரண்டு மடங்கு கனத்தில் இரும்புத் தகடு வெட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் நான் போனபோதும் அதே அழுக்குச் சட்டையோடு வேலையில் இருந்தார். இஞ்சின் பக்கம் இரண்டு போல்ட்டுக்குப் பதில் நாலு, மேலேயிருந்து ஒரு குறுக்குக் கம்பி. பெருமாள் ஒரு கையால் ஸ்பானர் பிடித்துக் கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அண்ணன் தம்பி என்று தோன்றியிருக்கும்.

இந்தத் தடவை தாங்கி அசையவில்லை. முள் ஒரே சீராக ஏறி, வேண்டிய இடத்துக்கு வந்ததும் வால்வு உஸ்ஸென்று மூச்சு விட்டது. ஏழுமலை இறங்கினார். பின்பக்க டயர் ஒன்றில் வால்வு ஊசியைப் பிடுங்கிக் காற்று முழுவதையும் திறந்துவிட்டார். ஜீப் அந்தப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஊசியை மறுபடி போட்டு, டேங்கிலிருந்து நீளமான ரப்பர் குழாயை எடுத்துப் பெருமாள் கையில் கொடுத்தார்.

"நீயே புடி," என்றார் மெதுவாக.

பெருமாள் குந்தி உட்கார்ந்து வால்வில் வைத்து அழுத்தினார். டயர் லேசாக நெளிந்தது. பிறகு எழுந்தது. ஜீப் தன் இடுப்பை நிமிர்த்திக்கொள்கிற மாதிரி மேலே வந்தது. ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. ஏழுமலை சுத்தியலால் டயரைத் தட்டினார். மேளம் மாதிரி கணீரென்றது.

பெருமாள் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்தார். எழுந்து நின்று அந்த டயரையே பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "மூஞ்சி கழுவிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். வரவில்லை.

முதலில் டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏழுமலை சைக்கிளை எடுத்தார். "நீ ரோட்டுப் பக்கம் பாரு சிஸ்டர். நான் ஏரிப் பக்கம் ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஏரிக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் தேடினேன், கோயில் வாசலில் தேடினேன். கையில் கட்டுப் போட்ட ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்: இங்கே பாதிப்பேர் கையில் கட்டுதான். இருட்டியதும் ஏழுமலை திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு. தலையை மட்டும் ஆட்டினார். எங்கள் மலையில் ஒருவர் காணாமல் போனால் குரல் கொடுப்போம், அடுத்த ஊர்க்காரர் அதைக் கேட்டு அவரும் கொடுப்பார். இந்த ஊரில் கத்தினாலும் லாரி சத்தத்துக்கு மேல் போகாது.

விடிந்ததும் அத்தானும் தேட வந்தார். ஆனால் கண்டுபிடித்தது நான்தான். ஆவடி ரயிலில் வந்து அம்பத்தூரில் இறங்கினேன். பிளாட்பாரத்தின் கடைசியில், கூரை முடிகிற இடத்துக்கு அப்பால், பெருமாள் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கட்டு அழுக்காகி நனைந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அதை அவிழ்த்துப் புதிதாகக் கட்டினேன்.

"வாங்க பெருமாளு. வண்டி தயாரா இருக்கு."

"நான் வரல சிஸ்டரம்மா."

ஒரு ரயில் வந்து நின்று ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது.

"நேத்து டயரு ரொம்பனத பாத்தீங்க இல்ல," என்றார். "அதுக்காகத்தான எந் தங்கச்சி போச்சு. இப்ப அத வண்டியில மாட்டிக்கினு நான் மலை ஏறணும். ஒவ்வொரு வளைவுலயும் கேப்பா, அண்ணே, எனக்கு மட்டும் ஏண்ணே இல்லன்னு. நான் இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் கோபம் முந்திக்கொண்டது. "அங்க ராணிக்கு இந்த மாசம் பிரசவம். அடுத்தது செல்வி. அவங்களும் யாருக்கோ தங்கச்சிங்கதான. யாரு ஓட்டுவா?"

"காத்து கீதே. யாரு வேணாலும் ஓட்டலாம்."

"உங்க அம்மாகிட்ட நான் என்ன சொல்வேன்?"

அதற்குத்தான் அவர் கலங்கினார். "வேல கெடச்சிருக்குன்னு சொல்லுங்க," என்றார்.

தேடிக்கொண்டே ஏழுமலை அங்கே வந்து சேர்ந்தபோது நான் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"வேல கெடச்சிருக்குன்னு சொன்னா பொய்யாப் பூடக் கூடாது," என்றார். "நம்ம ஷெட்ல இரு. எத்தினி நாள் வோணுமோ இரு. மேல போவணும்னு தோணிச்சுன்னா போ. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

பெருமாள் தலையசைத்தார். ஏழுமலை என் பக்கம் திரும்பினார். "வண்டிய நான் கொண்டாந்து உட்றேன். மலைல ஓட்னது இல்ல. மெதுவா போலாம்."

மெதுவாகத்தான் போனோம். சமவெளியில் மிலிட்டரிக்காரன் மாதிரி ஓட்டியவர் முதல் வளைவில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பள்ளத்தைப் பார்த்து, "இதுல டெய்லி போய் வந்துகினு இருந்தானா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். ஜல்லி அப்படியே கிடந்தது. ஓரிடத்தில் ஓரமாகக் கைப்பம்பின் தகரத் துண்டு, பிய்ந்த கயிறு. அது எந்த இடம் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கியரை மாற்றிக்கொண்டு தாண்டினார்.

கம்ப்ரசர் நன்றாக உழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் கீழிருந்து ஒரு டிரைவர் வந்தார். பயந்து பயந்து ஓட்டினார், ஆனால் ஓட்டினார். ராணிக்கும் செல்விக்கும் போளூரில் பிரசவம் ஆயிற்று. செல்வியைக் கொண்டுபோன அன்று பாதையில் டயர் போய், ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக்கொண்டு போனோம். இருவரும் பிழைத்தார்கள், குழந்தைகளும் பிழைத்தன.

ஆனால் அன்றைக்கு, ஏழுமலையோடு நான் போய் இறங்கிய அன்றைக்கு, ஜீப் சத்தம் கேட்டுப் பெருமாளின் அம்மா வெளியே வந்து நின்றாள். டிரைவர் பக்கக் கதவைத்தான் பார்த்தாள். அதிலிருந்து முன்பின் தெரியாத ஒரு குள்ள மனிதர் இறங்கினார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். மல்லிகாவைத் தூக்கி வந்த அன்று என்னைப் பார்த்த அதே பார்வை.

ஏழுமலைதான் முன்னால் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"யம்மா, உம் புள்ள எங்கிட்ட கீறாம்மா. நல்லா கீறான். வேலைல சேத்துகினேன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவர் கைகளைப் பார்த்தாள். கிரீஸ் படிந்த கைகள். பிறகு உள்ளே போய், இரண்டு தட்டில் சாமைச்சோறு போட்டு, துவரங்கொட்டைக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்தாள். நாங்கள் வாசலில் உட்கார்ந்தோம். அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"சாப்புடறானா?" என்று கேட்டாள்.

ஏழுமலையின் கை சோற்றில் நின்றது.

"சாப்புடறாம்மா," என்றார். "நல்லா சாப்புடறான்."

"அப்ப சரி," என்றாள் அவள். எழுந்து போய் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பருக்கை விடாமல், அவ்வளவையும் சாப்பிட்டார்.